அமேசான் காட்டுக்கு ஒரு அலர்ட் சிஸ்டம்

சர்வர் படுத்துடுச்சுன்னு வருஷக் கடைசியில ரிப்போர்ட் வந்தா நமக்கு என்ன பிரயோஜனம்? அமேசான் காடு விஷயத்துல பிரேசில் பல வருஷம் அப்படித்தான் இருந்தது.

பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பே, 1988-லிருந்து லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை வைத்து, ஒவ்வொரு வருஷமும் எவ்வளவு காடு அழிந்தது என்று கணக்கெடுக்கிறது. பெயர் ப்ரோடெஸ். நம்பகமான கணக்குதான். ஆனா அது கைக்கு வரும்போது மரம் லாரி ஏறிப் போயிருக்கும்.

2004-ல் டெட்டர் வந்தது. அப்போ இதற்கு நாசாவின் மோடிஸ் சென்சார் தந்த படங்கள். லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டர். இதில் 250 மீட்டர். மங்கல்தான். ஆனா லேண்ட்சாட் ஒரே இடத்துக்கு 16 நாளைக்கு ஒருமுறை திரும்பி வரும்; மோடிஸ் கிட்டத்தட்ட தினமும் பார்க்கும். எங்கே காடு வெட்டுறாங்கன்னு அலர்ட் போனதும், சுற்றுச்சூழல் துறையான இபாமாவின் அதிகாரிகள் நேரா அங்கே கிளம்பினாங்க.

2004-ல் அழிந்த காடு சுமார் 27,800 சதுர கிலோமீட்டர். 2012-ல் சுமார் 4,600. புதிய காப்புக்காடுகளுக்கும், புதுசா காடழித்த நிலத்துச் சோயாவை வாங்க மாட்டோம்னு வியாபாரிகள் செய்த ஒப்பந்தத்துக்கும் இதில் பங்குண்டு.

2019-ல் அலர்ட்டுகள் மறுபடி கூடின. அதிபர் போல்சனாரோ அந்தக் கணக்கே பொய் என்றார். இன்பே இயக்குநர் ரிக்கார்டோ கால்வாவோ பதவி இழந்தார். ஆனா தரவுகள் எல்லாம் இணையத்தில் பொதுவில் இருந்தன. அந்த வருஷ ப்ரோடெஸ் கணக்கும் பின்னால வந்தது: 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். அலர்ட் சொன்னது சரிதான். ஆனா அதைக் கேட்டு ஆள் அனுப்ப வேண்டியது அரசாங்கம்தானே?