நயினாதீவுக் கல்லும் கொரிய மன்னனும்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலே தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை வாசித்து 1963 இல் வெளியிட்டார். பிறநாட்டார் ஊராத்துறையிலே வந்து இறங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானை, குதிரை ஏற்றிவரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மிகுதி மூன்றும் உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றிய கலமாயின் பாதிக்குப் பாதி. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறைதான். எங்கள் சரவணையும் அந்தத் துறையும் ஒரே தீவில் இருப்பதாலோ என்னவோ, இக்கல்லின்மேல் எனக்கு ஒரு தனிப் பற்று.

இதில் என்னைக் கவர்ந்தது ஒன்று. மன்னனின் பெயர் விளங்கும் சுலோகம் வடமொழியில், கிரந்த எழுத்தில் இருக்கிறது. சட்டமோ தமிழில் இருக்கிறது. புகழை யார் வாசித்தால் என்ன? கலம் உடைந்தவனுக்குத் தன் பங்கு எவ்வளவென்று தெரிய வேண்டுமே! அரசன் சிங்கள மன்னன். ஆயினும் இத்துறையில் புழங்கியோர் அறிந்த மொழியிலே ஆணையை வெட்டுவித்தான்.

இதே எண்ணத்தை ஓர் எழுத்து முறையாகவே ஆக்கிக் காட்டியவன் கொரியாவின் செஜோங் மன்னன். அக்காலத்தில் கொரியர் சீன எழுத்திலேயே எழுதினர். அதைக் கற்க ஆண்டுகள் பல வேண்டும். உழவனுக்கு அது எட்டாக் கனி. தம் குறையைச் சொல்ல மக்களுக்கு எழுத்து இல்லையே என்று வருந்திய மன்னன் 1443 இல் 28 எழுத்துகளை அமைத்து, 1446 இல் நாட்டுக்கு அறிவித்தான். இன்று அவற்றில் 24 வழக்கில் உள்ளன. ஹங்குல் என்பது இப்போதைய பெயர். ககர ஒலிக்குரிய எழுத்து, நாவின் அடி எழுந்து தொண்டையை அடைக்கும் வடிவம். மகரத்துக்கு வாயின் வடிவமாக ஒரு சதுரம். இதை விளக்கும் பழைய நூல் 1940 இல் அகப்பட்ட பின்னரே வடிவங்களின் காரணம் ஐயமறத் தெளிந்தது. நமது தொல்காப்பியரும் பிறப்பியலிலே நாவும் அண்ணமும் இதழும் பொருந்தி ஒலி பிறப்பதைச் சொன்னவர்தாம். அவர் ஒலியின் பிறப்பிடத்தைச் சொன்னார். செஜோங் அந்த இடத்தையே எழுத்தாக வரைந்தான்.

நம் எழுத்தை எந்த மன்னனும் ஒரு நாளில் அமைத்துத் தரவில்லை. பழைய பிராமி எழுத்திலிருந்து நூற்றாண்டுக் கணக்கில் உருமாறி வந்தது அது. 1980 இல் ஆனைக்கோட்டையிற் கிடைத்த முத்திரையிலும் பிராமி எழுத்துகள் உள்ளன. ஓலை கிழியுமென்று ஏடெழுதியோர் புள்ளியைக் கைவிட்டனர். 'செய' என்று ஏட்டிலிருந்தால் செய்யா, சேயா என்பதை வாசிப்பவரே ஊகிக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் குறில் நெடிலை வடிவிலே பிரித்துக் காட்டியது, கல்லாதவனுக்குச் செய்த பேருதவி.

எளிய எழுத்தென்றால் எதிர்ப்பும் வரும். செஜோங்கின் அவை அறிஞர் சிலர் 1444 இலேயே மறுப்பு மனு கொடுத்தனர். சீனத்தை விட்டால் நாகரிகம் போய்விடுமாம். 1504 இல் யோன்சான் மன்னன், தன்னைப் பழித்து ஹங்குலில் சுவரொட்டிகள் வந்ததனால் அதைக் கற்பதையே தடுத்தான். 1942 இல் யப்பானிய ஆட்சி கொரிய மொழிச் சங்கத்தாரைச் சிறைப்பிடித்து அகராதிக் கையெழுத்துப் படியையும் பறித்தது. 1945 இல் அப்படி சியோல் புகையிரத நிலையப் பண்டசாலை ஒன்றிலிருந்து மீண்டது.

நம் நாட்டில் 1956 இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாயிற்று. 1987 இன் அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, ஓர் அலுவலகத்திலிருந்து எனக்குத் தனிச் சிங்களத்தில் கடிதம் ஒன்று வந்தது. தென்னிலங்கையில் முப்பது வருடம் கடை நடத்திய அயலவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவருக்குப் பேச்சு சரளம், வாசிப்பு எழுத்தெழுத்தாகத்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இன்ன திகதிக்கு முன்னம் மறுமொழி போடச் சொல்லியிருக்கு" என்றார். அந்தத் திகதி கடந்து ஒன்பது நாளாகியிருந்தது.