ட்ராம் கொட்டகையில் ஒரு மகாபாரதம்



சில வருடங்களுக்கு முன் வேலை விஷயமாக ஒரு குளிர்காலம் முழுக்க கிளாஸ்கோவில் தங்கியிருந்தேன். பொல்லொக்‌ஷீல்ட்ஸ் என்ற பகுதியில் அறை. பக்கத்தில் ஆல்பர்ட் டிரைவ் என்ற தெரு. அங்கே தெற்காசியர்களின் கடைகள் வரிசையாக இருக்கும். அதே தெருவில் ஒரு பெரிய செங்கல் கட்டடமும் உண்டு. உள்ளே போனால் தரையில் பழைய தண்டவாளங்கள். பெயர் ட்ராம்வே. 1988இல் இங்கேதான் மகாபாரதம் மேடையேறியது என்று அங்கே வேலை செய்தவர் சொன்னார். அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். "கிளாஸ்கோவிலயோ? ஆர் பார்க்க வந்தது?" என்று கேட்டா. நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

முதலாம் உலகப்போருக்கு முன்னர், உலகில் கட்டப்பட்ட கப்பல்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று கிளாஸ்கோவின் கிளைட் ஆற்றங்கரையில் கட்டப்பட்டது. பிறகு கப்பல் தளங்கள் ஒவ்வொன்றாக மூடின. வேலை போனது, சனம் இடம்பெயர்ந்தது. 1970களில் கிளாஸ்கோ என்றால் வறுமை, குடி, கத்திக்குத்து என்றுதான் வெளியாட்கள் நினைத்தார்கள்.

1983இல் நகரசபை ஒரு விளம்பர இயக்கத்தைத் தொடங்கியது. 'மிஸ்டர் ஹப்பி' என்ற மஞ்சள் உருண்டைப் பொம்மையும் ஒரு வாசகமும்தான் அது. "கிளாஸ்கோ எவ்வளவோ மேல்" என்பது ஒரு பொருள். சேர்த்து வாசித்தால் "கிளாஸ்கோ நன்றாகச் சிரிக்கிறது" என்றும் வரும். அதே ஆண்டு பரல் கலைத்தொகுப்பின் அருங்காட்சியகம் திறந்தது. 1988இல் மூடிக்கிடந்த துறைமுகத் தொட்டியில் பூங்கா விழா நடந்தது. நாற்பது லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள்.

கிரேக்க நடிகையும் கலாசார அமைச்சருமான மெலினா மெர்க்கூரியின் யோசனையால், 1985இல் 'ஐரோப்பிய கலாசார நகரம்' என்ற பட்டம் உருவானது. ஏதென்ஸ், புளோரன்ஸ், அம்ஸ்டர்டாம், மேற்கு பெர்லின், பாரிஸ் ஆகியவற்றுக்குப் பிறகு 1990க்கான பட்டம் கிடைத்தது கிளாஸ்கோவுக்கு! எடின்பரோவும் போட்டியில் இருந்தது. முந்திய நகரங்கள் ஏற்கெனவே இருந்த புகழைக் கொண்டாடின. கிளாஸ்கோ இல்லாத புகழைத் தேடிக்கொள்ள இந்தப் பட்டத்தைப் பயன்படுத்தியது. பின்னால் வந்த பல தொழில் நகரங்கள் அதே வழியில் போயின.

அந்தத் தயாரிப்புக் காலத்தில்தான் பீட்டர் புரூக் தன் ஒன்பது மணிநேர மகாபாரதத்துக்கு பிரித்தானியாவில் இடம் தேடினார். சாதாரண அரங்கு போதவில்லை. ட்ராம் ஓட்டம் 1962இல் நின்றிருந்தது. பழைய கொட்டகை பிறகு போக்குவரத்து அருங்காட்சியகமாகி, அதுவும் வேறிடத்துக்குப் போய்விட்டது. காலியான கட்டடத்தை நகரசபை அவருக்குக் கொடுத்தது. மல்லிகா சாராபாய் திரௌபதியாக நடித்தார். பிரித்தானியாவில் வேறெங்கும் அது நடக்கவில்லை. பார்க்க விரும்பியவர்கள் லண்டனிலிருந்தும் ரயிலேறி வரவேண்டியிருந்தது. அம்மா, இதுதான் பதில்.

ஆனால் எல்லாரும் கைதட்டவில்லை. எழுத்தாளர் ஜேம்ஸ் கெல்மன் உட்படச் சிலர் 'வேர்க்கர்ஸ் சிற்றி' என்ற பெயரில் எதிர்த்தார்கள். முதலீட்டாளரை இழுக்கத் தொழிலாளரின் வரலாற்றை மறைக்கிறீர்கள், ஈரம் ஊறும் வீடுகளில் இருப்பவர்களுக்கு இந்த விழா என்ன தரும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் இல்லை. பிரித்தானியாவில் ஆயுட்காலம் மிகக் குறைந்த இடங்களில் கிளாஸ்கோ இன்றும் ஒன்று. பூங்கா விழா நடந்த நிலமும் வருடக்கணக்காகப் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தது. அறிவியல் மையம் அங்கே 2001இல்தான் திறந்தது.

ட்ராம்வே மட்டும் வேறு மாதிரி. விழா ஆண்டு முடிந்த பிறகும் கதவு திறந்தே இருந்தது. 2003இல் பின்னால் 'மறைந்த தோட்டம்' என்ற பொதுத்தோட்டம் வந்தது. 2015இல் டேர்னர் பரிசுக் கண்காட்சி அங்கே நடந்தது. நான் இருந்த நாட்களில், மழைக்கு ஒதுங்கிய பாட்டிமார் பேரப்பிள்ளைகளோடு அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மென்பொருள் வேலை செய்பவன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. புதிய அமைப்பு ஓடத்தொடங்கும் நாளுக்கு கேக் வெட்டுவோம். மறுநாளிலிருந்து அதைப் பராமரிக்க பட்ஜெட்டில் காசு இருக்காது. விழாக்களும் அப்படித்தான். அடையாளம் ஒரு வருடத்தில் கிடைத்துவிடும். பயன் நிலைக்க வேண்டுமென்றால், கூட்டம் கலைந்த பிறகு கதவைத் திறக்க ஒருவரும், விளக்கெரிக்கக் காசும் வேண்டும்.

எங்கள் ஊர்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் நானும் ஐந்து வருடம் கதிரை அடுக்கியிருக்கிறேன். மண்டபம், ஒலிபெருக்கி, சாப்பாடு என்று சேர்த்த காசெல்லாம் ஒரே நாளில் போய்விடும். அடுத்த சனிக்கிழமை எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் இரவல் அறையில், புத்தகம் வைக்க அலுமாரிகூட இல்லாமல் இருப்பார்கள். போன வருடக் கூட்டத்தில் அதைக் கேட்டேன். "தம்பி, முதலில் விழா நல்லா நடக்கட்டும்" என்றார் ஒரு ஐயா. அவரில் பிழையில்லை, அவர்கள் விழா எடுத்திராவிட்டால் பொங்கல் என்னவென்றே எனக்குத் தெரிந்திருக்காது.

இப்போது விழாக்குழுக்களுக்கு நீங்களும் வருகிறீர்கள். மேடைக்கு என்ன நிறத் திரை என்று பேசும்போது, மறுநாள் காலை எந்தக் கதவு திறந்திருக்கும் என்றும் கேளுங்கள். இந்த வருடம் ஒரு அலுமாரியிலாவது தொடங்குவோம்.