மோட்டார் வாகனமும் மலாயாத் தோட்டத் தமிழரும்

மோட்டார் வாகனத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதில் ஏறிச் சென்றவர்களைப் பற்றியே எழுதுகின்றனர். ஏறாமலே அதனால் வாழ்வு மாறியவர்களும் உளர். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர் அத்தகையோர்.

1877இல் 22 இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. தாவரவியல் பூங்காவின் பொறுப்பை 1888இல் ஏற்ற ஹென்றி ரிட்லி எவ்வளவோ வற்புறுத்தியும் தோட்ட முதலாளிகள் காப்பியை விட்டகலவில்லை. 1896இல் மலாக்காவில் டான் சே யான் துணிந்து பயிரிட்டார். அதற்கு முந்திய ஆண்டில்தான் மிஷலின் சகோதரர்கள் காற்றடைத்த டயர் பொருத்திய காரைப் பாரிஸ்–போர்தோ பந்தயத்தில் ஓட்டியிருந்தனர். 1908இல் 850 டாலருக்கு வெளிவந்த ஃபோர்டின் 'மாடல் டி', 1925இல் 260 டாலருக்குக் கிடைத்தது. வாகனம் மலிந்தது, டயருக்கான தேவை பெருகியது. 1910இல் ஓர் இறாத்தல் இரப்பர் 12 ஷில்லிங்கிற்கு மேல் விற்றது.

காடுகள் அழிக்கப்பட்டன, ஆள் வேண்டியிருந்தது. முதலாளிகளிடம் வரி பெற்றுக் கப்பற்செலவைத் தரும் குடியேற்ற நிதி 1907இல் அமைந்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுற, கங்காணிமுறை மேலோங்கியது. திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு எனக் கங்காணிகள் ஊரூராகச் சென்று ஆள் திரட்டினர். இப்புலப்பெயர்வுக்குப் பஞ்சத்தையும் சாதிக் கொடுமையையும் மட்டுமே காரணமாகக் கூறுவது அரைப்பகுதி உண்மையே என்பது என் கருத்து. மறுபகுதி டெட்ராய்ட் நகரத் தொழிற்சாலைகளில் இருக்கிறது.

1929க்குப் பின் அமெரிக்காவில் கார் விற்பனை சரிந்தபோது இது தெளிவாகியது. 1932இல் இரப்பர் விலை இறாத்தலுக்கு மூன்று பென்சுக்கும் கீழே இறங்கிற்று. கூலி குறைக்கப்பட்டது, பல்லாயிரவர் தமிழகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். வரவழைத்ததும் வாகனம், திருப்பியனுப்பியதும் வாகனம் எனலாம். லயங்களில் வாழ்ந்தோருக்குக் கார் என்பது துரையின் கார்தான். அவர்களுள் சிலருக்கு வாய்த்தது மிதிவண்டியே. அதனையும் அவர்கள் விருப்பம்போல் ஓட்டிவிட முடியவில்லை. துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் இறங்கி நிற்க வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கூலி உயர்வோடு இவ்வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் இடம்பெற்றிருந்தது. பால்மரம் வெட்டி உலகுக்கெல்லாம் டயர் தந்தவர்கள், தம் இரு சக்கரங்களின் மீது அமர்ந்தபடியே செல்லும் உரிமையைக் கேட்டனர். அவ்வாண்டு மே மாதம் அவர்தம் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். வேலைநிறுத்தம் படைகொண்டு அடக்கப்பட்டது.