திரைக்கு முந்தைய தொலைவு

2020இல் கொரோனா ஊரடங்கு தர்காக்களைப் பூட்டியபோது, பல நாடுகளில் இறைநாமம் ஓதும் திக்ரு மஜ்லிஸ்கள் (கூட்டங்கள்) ஜூம் திரைக்கு மாறின. இதை மரபின் முறிவு என்பவர்கள் சூஃபி வரலாற்றைப் பாதிதான் பார்க்கிறார்கள். நபிகளை நேரில் காணாமலே நேசித்த உவைஸுல் கர்னியின் பெயரால், சந்திக்காத குருவிடம் அருள்பெறும் 'உவைசி' வழி நெடுங்காலமாக உண்டு. பீகாரின் சூஃபி குரு ஷரபுத்தீன் மனேரி, பணி காரணமாகத் தம் அவைக்கு வர இயலாத சௌசா நகரக் காஜி ஷம்சுத்தீனுக்கு 1346-47இல் நூறு கடிதங்கள் எழுதினார். பாவமன்னிப்பு முதல் இறையறிவு வரை ஒரு முழுப் பயிற்சியே அவற்றில் இருக்கிறது. சீடர்கள் படியெடுத்து வைத்ததால் அவை இன்றும் வாசிக்கப்படுகின்றன. 1925இல் துருக்கி அரசு சூஃபி மடங்களைச் சட்டத்தால் மூடியபோதும் பயிற்சி அழியவில்லை, வீடுகளுக்குள் போனது. மனத்துக்குள் திக்ரு செய்யும் நக்‌ஷபந்தி சூஃபி பிரிவினருக்கு அது கூடுதல் வசதி!

குருவின் அண்மையான சுஹ்பத் இல்லாமல் சூஃபி வழியே இல்லை என்பது வலுவான மறுப்பு. இணையத்தில் குரல்கள் பிந்தி வருவதால் கூட்டு திக்ரின் தாளம் கலைகிறது. பலரும் ஒலியை அணைத்துவிட்டுத் தனியாகவே ஓத வேண்டியிருக்கிறது. இந்த இழப்பு உண்மை. ஆனால் மனேரியின் கடிதமும் சுஹ்பத்துக்கு ஈடாக எழுதப்பட்டதல்ல. வர முடியாதவரைக் கைவிடாதிருக்க எழுதப்பட்டது. ஊரடங்கில் முடங்கிக் கிடந்தவருக்குத் திரையும் அப்படித் துணையாக இருந்தது என்பதை மறுக்க முடியாது.