பரிவலுவை அளந்த தராசுகள்: ஒரு வரலாற்று நோக்கு

சந்தையிலே நிறுத்து வாங்கிய பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுமுறை நிறுத்துப் பார்க்கும் பழக்கம் நம்மவரிடையே நெடுங்காலமாக உண்டு. வணிகனுடைய தராசில் ஐயங்கொள்வதற்கு அவனைக் கள்வனென்று கருதவேண்டியதில்லை; அளப்பவனும் விற்பவனும் ஒருவனே என்ற நிலைமையே ஐயத்துக்குப் போதிய காரணமாகும். அரிசிக்கும் மீனுக்கும் பொருந்தும் இவ்வுண்மை மோட்டார் வண்டியின் வலுவுக்கும் பொருந்துமென்பதை, 1999ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எழுந்த ஒரு சிறு கலகம் எடுத்துக்காட்டியது. போர்ட் நிறுவனம் அவ்வாண்டு விற்பனைக்கு விட்ட மஸ்ராங் கோப்றா என்னும் வண்டியின் எஞ்சின் 320 பரிவலு உடையதென விளம்பரப்படுத்தப்பட்டிருந்தது. முந்திய ஆண்டின் கோப்றா 305 பரிவலு கொண்டது. புதியதை வாங்கியவர்களோ, பழையதிலும் இது விரைவாக ஓடவில்லையே என முணுமுணுத்தனர். முணுமுணுப்போடு நில்லாது, அவர்களிற் சிலர் தத்தம் ஊர்களில் வலுமானி வைத்திருந்த பட்டறைகளைத் தேடிச் சென்று, வண்டியின் சில்லுகளை உருளைமேல் ஏற்றி அளந்து பார்த்தனர்.

அளந்தபின் நடந்ததைப் பின்னர்க் காண்போம். ஓர் ஊர்ப் பட்டறையிலே நின்றுகொண்டு பெருநிறுவனமொன்றின் கூற்றைச் சாதாரண மனிதன் சோதித்துப் பார்க்கும் நிலை எவ்வாறு தோன்றிற்று என்பதே முதலில் ஆராயத்தக்கது. இதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பொறியியல் நூல்கள் அதனைக் கருவிகளின் வளர்ச்சியாகவே கூறுவது வழக்கம். என் நோக்கில், அளக்கும் உரிமை யாருடைய கையில் இருந்தது என்பதே அவ்வரலாற்றின் உட்பொருள்.

பரிவலு என்னும் அலகு ஆய்வுகூடத்தில் பிறந்ததன்று, கணக்கேட்டில் பிறந்தது. நீராவிப் பொறியைக் குதிரைகளோடு ஒப்பிட்டுப் பேசும் வழக்கம் 1702இல் தோமஸ் சேவரி எழுதிய நூலிலேயே காணப்படுகின்றது. ஆயினும் அவ்வொப்பீட்டைத் திட்டமான எண்ணாக்கியவர் ஜேம்ஸ் உவாற்று ஆவார். 1775இல் மத்தியூ போல்ற்றனோடு கூட்டுச் சேர்ந்த அவர், சுரங்கங்களில் நீரிறைக்கும் தம் பொறிகளுக்கு விலையாகப் பெற்றது விந்தையான ஒரு பங்கு. பழைய நியூக்கொமன் பொறியோடு ஒப்பிடுகையில் மிச்சப்படும் நிலக்கரியின் பெறுமதியில் மூன்றிலொன்று அவர்களுக்கு உரியது. ஆனால் ஆலைகளிலே செக்குப்போற் சுற்றிவந்த குதிரைகளுக்குப் பதிலாகப் பொறியை விற்க முற்பட்டபோது இக்கணக்கு உதவவில்லை. குதிரை நிலக்கரி தின்பதில்லையே! எனவே, இப்பொறி எத்தனை குதிரைகளுக்கு ஈடு என்று சொல்லவேண்டியதாயிற்று.

உவாற்றின் கணக்கு இது: ஆலைக்குதிரை 12 அடி ஆரையுள்ள வட்டத்தை மணிக்கு 144 தடவை சுற்றுகின்றது, 180 இறாத்தல் விசையோடு இழுக்கின்றது. பெருக்கிப் பார்த்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 32,570 அடி-இறாத்தல் வேலை வரும். அதனை 33,000 என முழுமையாக்கினார். அவருக்கு முன்னரே ஜோன் ஸ்மீற்றன் இதிலும் மிகக் குறைந்த மதிப்பீடொன்றைக் கூறியிருந்தார். நாள் முழுவதும் உழைக்கும் குதிரைக்கு 33,000 சற்று மிகையே. குதிரையைப் பெரிதாகக் கொண்டமையால், பொறியை வாங்கியவன் சொன்னதிற் குறைந்ததென்று முறையிட இடமில்லாது போயிற்று. விற்பவனே வகுத்த படி வாங்குபவன் பக்கம் சாய்ந்திருந்த அரிய சந்தர்ப்பம் இது. பின்வந்தோர் எல்லோரும் அவ்வாறு நடந்தாரல்லர்.

நீராவிக் காலத்திலேயே 'பெயரளவுப் பரிவலு' என்றொரு வழக்கு எழுந்தது. சிலிண்டரின் பரப்பையும் முசலத்தின் வேகத்தையும் கொண்டு, நீராவியின் சராசரி அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தலே என்று வைத்து, தாளிலே போடும் கணக்கு அது. கொதிகலன்கள் வலுப்பெற்று அமுக்கம் பன்மடங்கு உயர்ந்த பின்னரும் அவ்வேழு இறாத்தல் அசையாது நின்றது. ஆகவே விற்பனைத் தாளில் உள்ள எண்ணுக்கும் தண்டிலே சுழலும் வலுவுக்கும் தொடர்பே அற்றுப்போயிற்று.

இக்குழப்பத்தின் நடுவே 1821இல் பிரான்சு நாட்டுப் பொறியியலாளரான கஸ்பார் த புறொனி அமைத்த கருவியை நான் இவ்வரலாற்றின் நடுநாயகமாகக் கருதுகின்றேன். அதன் எளிமை வியப்புக்குரியது. சுழலும் தண்டின்மேல் இரு மரக்கட்டைகளை இருபுறமும் வைத்து, திருகாணிகளால் இறுக்க வேண்டும். கட்டையோடு ஒரு நீண்ட நெம்பு பொருத்தப்பட்டிருக்கும். தண்டு சுழலும்போது கட்டையையும் தன்னோடு இழுத்துச் செல்ல முயலும். நெம்பின் முனையில் நிறைகளைத் தொங்கவிட்டு அதனை அசையாது நிறுத்த வேண்டும். நெம்பு கிடையாக நிலைத்து நிற்கும் கணத்தில் மூன்று எண்களே தேவை: நெம்பின் நீளம், தொங்கும் நிறை, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. நெம்பு ஐந்தேகால் அடி, நிறை 40 இறாத்தல், சுற்று 500 என்றால், அப்பொறி 20 பரிவலுவைத் தருகின்றது.

கட்டைக்கும் தண்டுக்கும் இடையிலான உராய்வு எவ்வளவு என்று அறியவேண்டிய தேவையே இதில் இல்லை என்பது நோக்கற்பாலது. கட்டை வழுவழுப்பானதா, சொரசொரப்பானதா, எண்ணெய் பட்டதா என்பதெல்லாம் கணக்கினுள் வருவதில்லை. உராய்வு எவ்வளவாயினும் நிறை அதனைச் சமன் செய்துவிடுகின்றது. பொறியைச் செய்தவனின் வாய்மொழியும் வேண்டியதில்லை. மரமும் கயிறும் படிக்கல்லும் உள்ள எவரும், எந்த ஊரிலும், எவர் செய்த பொறியையும் அளக்கலாம். வலு முழுவதும் வெப்பமாக மாறிக் கட்டைகள் புகையத் தொடங்குமாகையால், ஒருவர் அருகில் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்பதொன்றே அதன் தொல்லை. 'தடுப்புப் பரிவலு' என இன்றும் வழங்கும் சொல்லில் நிற்கும் தடுப்பு, புறொனியின் இம்மரக்கட்டையே.

மரக்கட்டை தாங்கமாட்டாத பெரிய பொறிகளுக்கு, பிரித்தானியக் கடற்படையின் வேண்டுகோளின்படி வில்லியம் புறூட் 1877இல் நீர்த்தடுப்பு ஒன்றை வகுத்தார். மரத்தின் உராய்வுக்குப் பதிலாக நீரைக் கலக்கும் தடையைப் பயன்படுத்தியதே மாற்றம். நெம்பும் நிறையும் முன்போலவே. மோட்டார் எஞ்சின்களைச் சோதிக்கும் ஆலைகளில் பின்னர் நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது இவ்வகைதான். ஆயின் அது ஆலையினுள்ளே இருந்தது. அளக்கும் கருவி செம்மையுற்றபோதிலும், அளவு மீண்டும் உற்பத்தியாளனின் மதிலுக்குள் சென்றுவிட்டது.

அரசும் தன் பங்குக்கு அளவைக் கெடுத்தது. 1910இல் பிரித்தானியாவின் றோயல் ஒட்டோமொபைல் கழகம் வகுத்த வாய்பாட்டின்படி, சிலிண்டர் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வர்க்கித்து, சிலிண்டர்களின் தொகையாற் பெருக்கி, 2.5ஆல் வகுத்தால் வருவதே 'பரிவலு'. முசலம் எவ்வளவு தூரம் ஓடுகின்றது என்பதை அது கேட்பதேயில்லை. 1921 முதல் ஒவ்வொரு பரிவலுவுக்கும் ஆண்டுக்கு ஒரு பவுண் வரி விதிக்கப்பட்டது. விளைவாக, உண்மையில் 20 பரிவலுவளவே தந்த போர்ட் 'ரி' வண்டி வாய்பாட்டின்படி 22.5 ஆயிற்று, பத்துக்கு மேற்பட்ட பரிவலு தந்த ஒஸ்ரின் செவன் எட்டுக்கும் குறைவாயிற்று. ஆங்கில எஞ்சின்கள் ஒடுங்கிய சிலிண்டரும் நீண்ட முசல ஓட்டமும் உடையனவாய் வளர்ந்தமைக்கு இவ்வரியே முதன்மைக் காரணம். 1948இல் ஒரே அளவான வரி வந்தபின்னரும் அந்த உடலமைப்பு உடனே மறையவில்லை. அவ்வாண்டு வெளிவந்து, பின் நம் நாட்டுத் தெருக்களில் பல்லாண்டு ஓடிய மொறிஸ் மைனர் வண்டியின் முதல் எஞ்சின், வரிக்காலத்து மொறிஸ் எயிற்றின் எஞ்சினே.

அமெரிக்காவில் கேடு வேறு வடிவில் வந்தது. அங்கே எஞ்சினைத் தனியே கழற்றி, விசிறி, காற்று வடிகட்டி, மின்பிறப்பாக்கி, சைலென்சர் முதலியன இன்றி, தீப்பொறி நேரத்தையும் சாதகமாக அமைத்து அளந்த 'மொத்த வலு'வே விளம்பரத்தில் இடம்பெற்றது. வண்டியில் பூட்டி ஓட்டும்போது அவ்வலு எங்கேயும் இருப்பதில்லை. 1971இல் செவ்றொலே கோர்வெற்றின் அடிப்படை எஞ்சின் மொத்த முறையில் 270 பரிவலு. துணைக்கருவிகளோடு சேர்த்துத் 'தேறிய' முறையில் அளந்தால் அதுவே 210. 1972 முதல் தேறிய வலுவே பொது வழக்காயிற்று. பொய் ஒரு திசையில் மட்டும் சென்றதென்று எண்ணலாகாது. காப்புறுதிக் கட்டணத்தையும் பந்தய வகுப்பையும் கருதி எண்ணைக் குறைத்துச் சொன்ன காலமும் உண்டு. 1969இன் கமாறோ ஸீஎல்1 எஞ்சினுக்கு 430 என்றார்கள். அளந்தவர்கள் 500க்கு மேல் கண்டார்கள்.

அளவை ஆலையிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தது, எஞ்சினைக் கழற்றாமலே வண்டியை ஏற்றி ஓட்டும் உருளை வலுமானியாகும். கலிபோர்னியாவின் கிளேற்றன் நிறுவனம் இத்தகைய கருவிகளைப் பட்டறைகளுக்கு விற்றது. எனினும், பெரும் பரவலுக்கு 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மொன்ரானாவில் தோன்றிய டைனோஜெற் நிறுவனத்தின் கருவியில் தடுப்பே இல்லை. பாரமான உருளையொன்றே உண்டு. அதன் சடத்துவம் தெரியுமாதலால், சில்லுகள் அதனை எவ்வளவு விரைவாக முடுக்குகின்றன என்பதைக் கணினி நோக்கி வலுவைக் கணிக்கின்றது. தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டியதில்லை; சில நொடிகளில் வரைபு தாளில் வந்துவிடும். மோட்டார்ச் சைக்கிள் திருத்தும் பட்டறைகளும் இதனை வைத்திருக்கலாயின.

இனிக் கோப்றாவுக்கு வருவோம். சில்லில் அளக்கும் வலு எஞ்சினின் வலுவன்று; கியர்ப்பெட்டியும் பின்னச்சும் டயரும் இடையிலே தின்றுவிடுகின்றன. பட்டறைகளின் வழக்கப்படி நூற்றுக்கு 15 வீதம் கழித்தால், 320 பரிவலு எஞ்சின் சில்லில் 272 காட்ட வேண்டும். பல ஊர்களில், பல கருவிகளில் ஏறிய கோப்றாக்கள் எதிர்பார்த்ததைக் காட்டவில்லை. ஒருவருடைய தாளாயின் நிறுவனம் அதனைப் புறந்தள்ளியிருக்கும். பலருடைய தாள்கள் ஒன்றுபோற் பேசின. 1999 ஆகஸ்டில் போர்ட் நிறுவனம் விற்பனையை நிறுத்தி, விற்றவற்றையும் திருப்பியழைத்து, காற்று உட்செல்லும் குழாய்த்தொகுதி, எஞ்சினை ஆளும் கணினி, வெளியேற்றுக் குழாய்கள் ஆகியவற்றை மாற்றிக்கொடுத்தது. ஈராண்டுகளின் பின் மஸ்டா நிறுவனத்துக்கும் இதே நிலை: அமெரிக்காவில் 155 என விற்ற மியாற்றா வண்டியின் வலுவை 142 எனத் திருத்தி, விரும்பியோரிடமிருந்து வண்டியைத் திரும்ப வாங்கவும் அது முன்வந்தது.

ஆயினும் பட்டறையின் தாளை வேதவாக்காகக் கொள்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. மேற்சொன்ன 15 வீதமே கைப்பழக்கக் கணக்கு. எல்லா வண்டிக்கும் எல்லா வேகத்துக்கும் அது ஒன்றாக இராது. உருளையை முடுக்கும் கருவியும், மின்காந்தத் தடுப்பால் எதிர்த்து நிற்கும் கருவியும் ஒரே வண்டிக்கு வெவ்வேறு எண் தரும். வளியின் வெப்பமும் அமுக்கமும் இன்னொரு சிக்கல். நுவரெலியா ஏறும் பேருந்தில் இருந்தவர்கள், உயரத்தில் எஞ்சின் மூச்சுத் திணறுவதை அறிவர். அதனால் எந்தத் தாளிலும் அளந்த எண்ணைப் பொது நிலைக்குத் திருத்துகிறார்கள். அத்திருத்தத்திலும் இரு முறைகள் உள. அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கத்தின் புதிய முறை 25 பாகை செல்சியசை அடிப்படையாகக் கொள்ள, பழைய முறை குளிர்ந்த வளியைக் கொண்டு நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு வீதம் கூட்டிக் காட்டும். வாடிக்கையாளன் மகிழ்ந்து செல்ல விரும்பும் பட்டறை எதனைத் தேர்ந்தெடுக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே நல்ல பட்டறையைத் தேடுவோன் கேட்கவேண்டியது, உன் கருவி எவ்வளவு காட்டும் என்பதன்று. எவ்வகைக் கருவி, எந்தத் திருத்தம், எந்தக் கியர், டயருக்கு எவ்வளவு காற்று, அடுத்தடுத்து மூன்று தடவை ஓட்டினால் மூன்றும் ஒத்துவருமா என்பனவே. புதிய உறுப்பொன்றைப் பூட்டியதால் வலு கூடிற்றா என்றறிய, பூட்டுமுன்னும் பின்னும் அதே கருவியில், அதே நாளில் ஓட்டிப் பார்ப்பதைவிடச் சிறந்த வழி வேறில்லை.

2005இல் அச்சங்கம் சாட்சி முறையொன்றையும் கொண்டுவந்தது. சான்றிதழ் வேண்டும் உற்பத்தியாளன், சார்பற்ற ஒருவரின் முன்னிலையில் எஞ்சினை அளக்க வேண்டும். முதலிற் சான்றுபெற்ற கோர்வெற் எஞ்சின், சொல்லியிருந்த 500க்குப் பதில் 505 காட்டியது. அதே காலத்தில் புதிய விதிகளின்படி மறுபடி அளந்தபோது, ரொயோட்டா கம்றியின் ஆறு சிலிண்டர் எஞ்சின் 210இலிருந்து 190க்கு இறங்கியது. எஞ்சினில் மாற்றமெதுவும் இல்லை. அச்சாட்சி நிற்பது ஆலையின் சோதனைக்கூடத்தில் மட்டுமே. ஊர்ப் பட்டறையின் உருளையை அவ்வாறு பார்வையிட எவரும் வருவதில்லை. அப்பட்டறைக்கு வரும் வழியில் பெற்றோல் நிரப்பிய பம்பியில் அளவைத் திணைக்களத்தின் முத்திரை ஒட்டியிருக்கும். உருளையில் இருப்பது அதைச் செய்த நிறுவனத்தின் பெயர்த்தகடு மட்டும்.