அம்பாசிடரும் மெக்கானிக் பட்டறையும்

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957இல் தயாரிக்கத் தொடங்கிய அம்பாசிடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றியது. 2014இல் உற்பத்தி நிற்கும்வரை அதன் தோற்றம் பெரிதாக மாறவில்லை. லைசென்ஸ் முறை நிலவிய காலத்தில் புதுக் காருக்குப் பதிவு செய்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். கையில் இருக்கும் வண்டியை இருபது, முப்பது ஆண்டு ஓட்டியாக வேண்டும் என்ற நிலையில்தான் ஊருக்கு ஊர் பட்டறைகள் பெருகின. கோளாறைக் கண்டுபிடிக்கும் திறமை அங்கே புத்தகம் இல்லாமல், குருவிடமிருந்து பையனுக்குக் கைமாறியது.

சென்னையில் இந்தத் தொழிலுக்கு நல்ல அடித்தளம் இருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் இங்கேயே தயாராயின. 1961இல் உருவான லூகாஸ் டிவிஎஸ், பாடி என்னும் பகுதியில் கார்களுக்கான மின்கருவிகளைத் தயாரித்தது. புதுச் சாமான் வேண்டுமென்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. கழற்றிய சாமான் போதுமென்றால் புதுப்பேட்டை.

அம்பாசிடரில் நெடுங்காலம் இருந்தது 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். அது நின்றுபோனால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: கரண்ட் வரவில்லை, அல்லது பெட்ரோல் வரவில்லை. மெக்கானிக் முதலில் கரண்டைப் பார்ப்பார். காயிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் தடித்த வயரைப் பிடுங்கி, நுனியை எஞ்சின் இரும்புக்கு அருகே பிடித்துச் செல்ஃப் அடிக்கச் சொல்வார். நீலப் பொறி பளிச்சென்று தாவினால் காயில் நன்றாக இருக்கிறது, கோளாறு அதற்கப்பால் என்று பொருள். மஞ்சளாக, மெலிந்து வந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பாயிண்டைப் பார்ப்பார். இரண்டு சிறு உலோகக் குமிழ்கள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை ஒட்டிப் பிரிவதால் கருகிப் பள்ளம் விழும். உப்புத்தாளால் தேய்த்து, 15 தவ் (அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு) இடைவெளி வைத்தால் வண்டி கிளம்பிவிடும். தேய்த்த பாயிண்ட் சில நாளிலேயே மீண்டும் கருகினால் குற்றவாளி கண்டென்சர். அதை மாற்றாமல் பாயிண்டை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது வீண் செலவு என்பதை நல்ல மெக்கானிக் அறிவார்.

எஞ்சின் மிஸ்ஸிங் அடித்தால் எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்கும் முறை அழகானது. மரப்பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் எஞ்சின் உடம்போடு ஒரு கணம் இணைப்பார்கள். எஞ்சின் சத்தம் தளர்ந்தால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் செத்த சிலிண்டர். கழற்றிய பிளக்கும் பேசும்: உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, எண்ணெய்ப் பசை இருந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது.

செல்ஃப் மோட்டாரின் பற்சக்கரம் ஃப்ளைவீலில் சிக்கிக்கொள்வது அடிக்கடி நடந்தது. வண்டியை டாப் கியரில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டினால் விடுபடும். அதுவும் பலிக்காவிட்டால் பம்பர் வழியாக ஹேண்டில் போட்டுச் சுற்றுவார்கள். டைனமோவின் குறை வேறு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது போதிய கரண்ட் தராது. மழை இரவில் நெரிசலில் விளக்கும் வைப்பரும் சேர்ந்து ஓடினால் பேட்டரி இறங்கிவிடும். ஆல்டர்னேட்டர் வந்த பிறகே இந்தத் தொல்லை தீர்ந்தது.

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது எர்த் கோளாறு. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பட்டை துருப்பிடித்து அறுந்தால், கரண்ட் சோக் கேபிள் வழியாகத் திரும்ப முயலும். செல்ஃப் இழுக்காது, சோக் கேபிள் மட்டும் தொட முடியாமல் சுடும். புதுப் பேட்டரி வாங்கியும் பயனில்லாமல் திண்டாடியவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு பட்டையும் இரண்டு போல்ட்டும்தான்.

கோடையிலும் மலையேற்றத்திலும் வேறொரு சிக்கல். சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, பம்பால் அதைத் தள்ள முடியாமல் போகும். ஈரத் துணியைப் பம்பின் மேல் சுற்றிக் கால்மணி நேரம் காத்திருப்பதே மருந்து. ஸ்டியரிங்குக்குக் கீழிருந்த கியர் கம்பியின் இணைப்புகள் தேய்ந்து கியர் சிக்குவதும், கிரீஸ் அடிக்கத் தவறினால் முன்சக்கரப் பிடிப்புகள் ஆட்டம் காண்பதும் எந்திரப் பக்கத்துத் தீராத வழக்குகள்.

1983இல் மாருதி 800 சாலைக்கு வந்தபோதும் கார்பரேட்டர் போகவில்லை. 2000ஐ ஒட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோதுதான் பெட்ரோலைக் கணினி அளந்து பீய்ச்சும் முறை பரவியது. காதும் மூக்கும் செய்த வேலையின் பெரும்பகுதி ஸ்கேனருக்குப் போனது. அதே 2000இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. மக்களின் மூச்சுக்கு அது பெரும் நன்மை. ஆனால் ஈயத்தின் காப்பை நம்பிச் செய்யப்பட்ட பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் தேயத் தொடங்கின. கடினப்படுத்திய இருக்கை பொருத்துவது லேத் பட்டறைகளின் புது வேலையானது. 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்திருப்பதால், பழைய ரப்பர் குழாய்களும் பம்பின் டயாஃப்ரமும் ஊறி வெடிக்கும் அபாயம் சேர்ந்திருக்கிறது. அம்பாசிடரை இன்னும் ஓட்டுகிறவர்கள் அவற்றை எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாற்றிக்கொள்வது நல்லது. பாயிண்டுக்குப் பதிலாக டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே அடங்கும் மின்னணுப் பற்றவைப்புக் கருவியும் இப்போது கிடைக்கிறது.