டி.வி.எஸ்.-சுசுகி

தருமபுரி மாவட்டம் ஓசூரில் 1982 முதல் 2001 வரை நீடித்த இந்திய-ஜப்பானிய மோட்டார்சைக்கிள் கூட்டு. 2004 பிப்ரவரி 9 அன்று உருவான கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு ஓசூர் போய்விட்டது. ஆனால் கூட்டு நிலவிய பத்தொன்பது ஆண்டுகளும் அது தருமபுரி மாவட்டத்து ஊராகவே இருந்ததால் அந்த மாவட்டத்தின் கதையிலேயே சேர்க்கப்படுகிறது.

சேலத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று பிரிக்கப்பட்ட தருமபுரி, கேழ்வரகும் சாமையும் விளையும் மானாவாரி மண். அரசு இதைத் தொழில்துறையில் பின்தங்கிய மாவட்டமாக வகைப்படுத்தி, ஆலை தொடங்குவோருக்குச் சலுகைகள் தந்தது. 1971-இல் தொடங்கப்பட்ட, மாநில அரசின் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட் ஓசூரில் தொழில் வளாகம் அமைத்தது. பெங்களூருக்கு 40 கி.மீ. தொலைவு, தமிழக அரசின் சலுகை என்னும் இரட்டை வசதியே தொழிலதிபர்களை இங்கே இழுத்தது. அரூரும் பென்னாகரமும் அதே பின்தங்கிய மாவட்டத்தில் இருந்தும் அங்கே பெரிய அளவில் யாரும் போகவில்லை.

இப்படி ஓசூருக்கு வந்த டி.வி.எஸ். குழுமத்துக்கு வெளிநாட்டுக் கூட்டாளிகள் புதியவர்கள் அல்லர். டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911-இல் மதுரையில் தொடங்கிய போக்குவரத்துத் தொழில், அவர் மக்கள் காலத்தில் உதிரிபாக உற்பத்திக்கு விரிந்தது. வீல்ஸ் இந்தியா (1960), லூகாஸ்-டி.வி.எஸ். (1961), பிரேக்ஸ் இந்தியா (1962), சுந்தரம்-கிளேட்டன் (1962) என்று அடுத்தடுத்து வந்தவை பிரிட்டிஷ் நிறுவனங்களோடு சேர்ந்து உருவானவை. இவை பெரிய உரசல் இன்றி நடந்ததற்குப் பண்பாட்டு ஒற்றுமையைக் காரணமாகச் சொல்வது வழக்கம். இறக்குமதிக் கட்டுப்பாடே உண்மையான காரணம். வேலி போட்ட சந்தையில் சக்கரமும் பிரேக்கும் செய்து விற்பதில் கூட்டாளிகள் இருவரும் ஒருவருக்கொருவர் போட்டியாக முடியாது. வண்டியின் மேல் யார் பெயர் என்ற கேள்வியும் எழாது.

சுசுகியுடன் அந்தக் கேள்வி எழுந்தது. சுந்தரம்-கிளேட்டன் ஓசூர் ஆலையிலிருந்து 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது. இருவர் ஏறிச் செல்லக்கூடிய இவ்வண்டி பால்காரர் முதல் காய்கறி வியாபாரி வரை எல்லாருக்கும் வாகனமாயிற்று. 100 சி.சி. மோட்டார்சைக்கிளுக்கு வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தை மத்திய அரசு அனுமதித்தபோது ஹோண்டா, யமஹா, கவாசகி ஆகியவை வெவ்வேறு இந்திய நிறுவனங்களோடு சேர, சுசுகி ஓசூருக்கு வந்தது. இண்ட்-சுசுகி என்ற பெயரில் 1984-இல் ஏ.எக்ஸ். 100 விற்பனைக்கு வந்தது. 1986-இல் மொபெட் பிரிவும் இண்ட்-சுசுகியுடன் இணைந்து, பெயர் டி.வி.எஸ்.-சுசுகி ஆனது.

தொடக்கத்தில் முக்கியப் பாகங்கள் ஜப்பானிலிருந்து வந்தன. படிப்படியாக உள்நாட்டில் செய்ய வேண்டும் என்பது அரசின் நிபந்தனை. 1985-க்குப் பின் யென் மதிப்பு ஏறத்தாழ இருமடங்கானதால் அந்த இறக்குமதி கழுத்தைப் பிடித்தது. சப்ளையர்களை உள்ளூரிலேயே உருவாக்குவது தவிர வேறு வழி இருக்கவில்லை. இந்த இடத்தில்தான் இரு தரப்பாரின் கணக்கும் வேறுபட்டது. ஜப்பானியர் வரைபடத்தையும் அளவுக் கட்டுப்பாட்டையும் தந்தனர். புதிய எஞ்சினை வடிவமைக்கும் திறனைத் தரவில்லை. மைலேஜ் மிகுந்த நான்கு-ஸ்ட்ரோக் வண்டிகளால் ஹீரோ ஹோண்டா முன்னேற, ஓசூர் பெரும்பாலும் இரண்டு-ஸ்ட்ரோக்கையே நம்பியிருந்தது. கூட்டாளிகளிடையே நம்பிக்கை உடைந்ததற்கு மூலகாரணம் இதுவே. பங்குத் தகராறு பின்னால் வந்தது.

2001 செப்டம்பரில், சுசுகி வைத்திருந்த 25.97 விழுக்காட்டுப் பங்குகளைப் பங்கு ஒன்றுக்கு 15 ரூபாயாக, சுமார் 9 கோடிக்கு டி.வி.எஸ். வாங்கிக்கொண்டது. சுசுகி 30 மாதங்களுக்கு இந்திய இருசக்கர வாகனச் சந்தைக்குத் தனியாக வருவதில்லை என்றும் உடன்பாடாயிற்று. அதே ஆண்டு, சொந்த வடிவமைப்பிலான விக்டர் வெளிவந்து வெற்றி பெற்றது.

டி.வி.எஸ். தலைவராக அப்போது இருந்த வேணு சீனிவாசன் தரக் கட்டுப்பாட்டு முறையைக் கற்றது சுசுகியிடம் அல்ல. பேராசிரியர் யோஷிகாசு சுடா போன்ற ஜப்பானிய வல்லுநர்களிடம். சுந்தரம்-கிளேட்டன் 1998-இலும், டி.வி.எஸ். மோட்டார் 2002-இலும் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றன. பின்னது, கூட்டாளி போன மறு ஆண்டு.

சுசுகி 2006-இல் குர்கானிலிருந்து தனியாகத் திரும்பியது. டி.வி.எஸ். 2013-இல் பி.எம்.டபிள்யூ.வுடன் ஒப்பந்தம் செய்து அதன் சிறிய மோட்டார்சைக்கிள்களை ஓசூரில் தயாரிக்கிறது. 2020-இல் பிரிட்டனின் நார்ட்டனை விலைக்கு வாங்கியது.